பதினோரு புளியங்கொட்டைகள்

இன்று மாலை பள்ளிக்கூட வண்டியில் இருந்தவர்கள்: வண்டி ஓட்டுகிற கந்தவேலு, வழித்துணையாகப் போகிற நான், பதினோரு குழந்தைகள். ஏறின வரிசைப்படி, நூல்மில் குவார்ட்டர்ஸில் இறங்குகிற சாந்தினி, அவள் தம்பி பிட்டு, ஆர்த்தி, கோலு. தென்னை நார் ஆலையில் இறங்குகிற ஜகபந்து, மினதி, தபன், சரஸ்வதி. கோழிப்பண்ணையில் இறங்குகிற பிரகாஷ், சுனிதா, லக்கி. கடைசியில் இறங்குகிறவர்கள் முதலில் ஏறிப் பின்னால் போய்விட வேண்டும் என்பது நான் வைத்த ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்குவார்கள். அதனால் சாயங்காலத்தில் எப்போதும் முதல் ஆள் சாந்தினிதான். ஒருவர் ஏற, ஒரு புளியங்கொட்டையைச் சட்டையின் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவேன். ஒருவர் இறங்க, வலதிலிருந்து எடுத்து இடதில் போடுவேன். ஆளைத் தலை எண்ணக் கூடாது, கொட்டையை எண்ணினால் தோஷமில்லை. முதல் கொட்டைக்கு லாபம் என்பேன், அடுத்ததற்கு ரெண்டு, அடுத்ததற்கு மூணு. கடலைக்காய் பறித்த பெண்களுக்குக் களத்தில் வள்ளத்தால் அளந்து கூலி போட்ட கை இது. முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஒன்றோடு நின்றுவிடும் என்பார்கள். அப்படி நின்று நான் பார்த்ததில்லை, சொல்லிப் பார்த்ததும் இல்லை. இன்றைக்கும் சாந்தினி ஏறினபோது லாபம் என்றுதான் சொன்னேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது. அவள் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்று என்னைப் பார்த்தாள். செருப்பு வார் அறுந்துவிட்டதோ என்று நான் அவள் காலைப் பார்த்தேன். வார் சரியாகத்தான் இருந்தது. அவள் பின்னால் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

லக்கியை ஏற்றிக் கதவைச் சாத்தப் போகும்போதுதான் சத்தியபாமா டீச்சர் வந்து சொன்னார். டீச்சர் நல்லவர், ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நாலைந்து பாஷை பேசுகிற பிள்ளைகளைத் தமிழுக்குக் கொண்டுவரப் பார்க்கிறவர், தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். "சாந்தினிக்கு இன்னைக்கும் ஆகலீங்க ஐயா" என்றார். பதிவேட்டில் அவள் நாலாம் வகுப்பு, வயது பத்து. ஆனால் தமிழ் வராது என்று ஒன்றாம் வகுப்பில், தம்பி பிட்டுவின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்று வட்டார அதிகாரி வருவார், அவர் கேட்பதற்குச் சொல்லிவிட்டால் நாலாம் வகுப்பிலேயே உட்காரலாம் என்று போன வாரமே டீச்சர் சொல்லியிருந்தார். "நல்லாத்தானுங்க ஆரம்பிச்சுது. மேசை மேல புளியங்கொட்டையக் கொட்டி எண்ணச் சொன்னாரு. இந்தப் புள்ள கொட்டையப் பாத்ததுமே மொகம் மலந்து போச்சு. கையில எடுத்து, லாபம் அப்படீன்னுச்சு. அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவம், அவரு கேலி பண்ணிச் சிரிக்கலீங்க. எங்கய்யன் களத்துல இப்படித்தான் அளப்பாரு, நாப்பது வருசங் கழிச்சு இப்பத்தான் கேக்கறன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. அவரு சிரிக்கவும் கிளாசு பூராச் சிரிச்சுது. இவ தம்பியும் சிரிச்சான். அதோட சரி. கொட்டையக் கீழ வெச்சுட்டா. பேரு கேட்டாக்கூடச் சொல்லல. அவரு தமிழ்ல கேட்டாரு, இந்தில கேட்டாரு, சாக்லேட் குடுத்தாரு. ஒண்ணும் ஆகல. இனி ஜூன்லதானுங்க பாக்கணும்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார், அதன் திரையில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, "யாரு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்கு லாபம்னு சொல்லிக் குடுத்தாங்களோ" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் ஒரு செருமல் வந்தது. "வெயிலுக்குத் தண்ணி நெறையக் குடியுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார்.

நான்தான் டீச்சர். இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா ஒரு மனிதனுக்கு. வண்டி பள்ளிக்கூட வாசலை விட்டு, ரேஷன் கடையைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் வாசலிலேயே நிற்கிறேன், நான்தான் டீச்சர் என்கிறேன், டீச்சர் திரும்பிப் பார்க்கிறார், அப்புறம் என்ன சொல்வது. அது ஒண்ணு தெரியாம சொன்னதில்லைங்க, ஒண்ணு தெரியும் அதுக்கு. போன மாதம் வண்டி பஞ்சராகி நின்றபோது எதிரில் இருந்த கடையில் போய், "அண்ணா, ஒரு பன்னு, ரெண்டு முட்டாய்" என்று தெளிவாகக் கேட்டு வாங்கிப் பிட்டுவுக்குக் கொடுத்த பிள்ளை அது. ஒண்ணு தெரியும். கொட்டை என்றால்தான் லாபம். கையால் எடுத்துப் போட்டு எண்ணுகிற பொருளைப் பெரியவர்கள் எதிரில் அப்படி எண்ணுவதுதான் மரியாதை என்று நினைத்திருக்கும். யாரும் அதை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நான் வாய்க்குள் முனகுவதைத் தினமும் இரண்டு வேளை கேட்டுக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். மேசை மேல் கொட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது என்று டீச்சர் சொன்னாரே, அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. இத்தனை பேர், இத்தனை புதுசு, அதிகாரி, டேப்லெட், நாற்காலி, அதற்கு நடுவே தெரிந்த பொருள் ஒன்று; நம் வண்டிக் கொட்டை. முகம் மலரத்தானே செய்யும். "ஏனுங்க ஐயா, என்ன ரோசனை? எப்பவும் பேச மாட்டீங்க, இன்னைக்கு அதுலயும் கொஞ்சம் கொறைச்சுப் போட்டீங்க" என்று கந்தவேலு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டுகிறேன். அவன் விடாமல், "டேய் பிட்டு, உங்க ஊருல எரும மாடு குறுக்க வந்தா எப்படிடா ஹாரன் அடிப்பாங்க?" என்கிறான். பிட்டு எழுந்து நின்று, "பேஏஏ பேஏஏ" என்கிறான். "இங்கயும் அதேதான்டா. எருமைக்கு ஏது பாஷை." வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன். பத்துப் பேர் சிரிக்கிறார்கள்.

சிரிப்புச் சத்தம் எனக்கு ஆகாது. நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் உடம்பு சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் தெலுங்கு. இந்த ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான், அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை, ஆனால் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காலையில் என்னடா தின்றாய் என்று கேட்டபோது எனக்குக் களி என்ற சொல் தெரியாது. சங்கட்டி என்றேன். வாத்தியார் சிரித்தார். அவரும் கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டார் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது, இந்த அறுபத்தேழு வயதில், இந்த வண்டியில். அதற்குப் பிறகு நான் சங்கட்டிதான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சங்கட்டி. இப்போதும் சந்தைப்பேட்டையில் மூங்கில் கடை வைத்திருக்கிற ராமசாமி, எதிரில் வந்தால், "வா சங்கட்டி, சௌக்கியமா" என்பான், அன்பாகத்தான் சொல்வான், பேரப்பிள்ளைகள் எடுத்தாயிற்று இரண்டு பேரும். நான் அந்தச் சந்து வழியாகப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்கும்போதெல்லாம் பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்து, இது தமிழா தெலுங்கா என்று இன்னொரு முறை பார்த்து, சரி தமிழ்தான் என்று நான் கையைத் தூக்குவதற்குள் வேறு ஒருவன் சொல்லிவிடுவான். அப்படியே போய்விட்டது. பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, எல்லாமே. என் மகன் சொல்வான், அப்பா பேசுவது சாமி வரம் கொடுக்கிற மாதிரி, நேரம் காலம் கூடி வரணும் என்று. எண்ணிக்கைக்கு மட்டும் எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. எண்ணிக்கை யாரையும் சிரிக்க வைக்காது என்று நினைத்திருந்தேன். நான் இவ்வளவு காலம் ஒளிந்துகொண்டிருந்த இடம் அது. அந்த இடத்திலிருந்துதான் இந்தப் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறது. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. பெரிய பேச்சாக இருக்கிறது. ஒரு கொட்டை, ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு. ஜூன் மாதம் மறுபடி பார்ப்பார்கள். ஜூனுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது. அவள் அப்பன் உபேந்தர் ஜூன் வரைக்கும் பொறுப்பானா?

கோழிப்பண்ணை வருவது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். சுனிதா வழக்கம்போல பாவாடை நுனியைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், அங்கேதான் அவள் வீடே இருக்கிறது, ஆனாலும் தினமும் இந்த வளைவில் பொத்திக்கொள்வாள். வண்டி நிற்கிறது. கதவைத் திறந்து கீழே இறங்கி நிற்கிறேன். லக்கி குதிக்கிறான். வலது பைக்குள் என் கை போகிறது, கொட்டையை எடுக்கிறது, இடது பைக்கு மேலே வந்து நிற்கிறது. லாபம் என்று சொன்னால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பெல்லாம் மறுபடி அவள் மேல் வந்து விழும். ஒன்று என்று சொன்னாலும் கேட்கும். அது இன்னும் மோசம். அப்படியானால் இத்தனை நாள் நீ சொன்னது தப்பா தாத்தா, தப்பென்று தெரிந்தே சொன்னாயா என்றுதானே அவள் நினைப்பாள். கொட்டை என் விரலில் வழுக்குகிறது. வியர்வை. எல்லாக் கொட்டைகளையும் போல இதற்கும் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, மறு பக்கம் சொரசொரப்பு. களத்தில் ஒரு முறை அளந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை விட்டுப் போய், பறித்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு மடியை விரித்தபடி நின்றாளே, அந்த மடி ஞாபகம் வருகிறது, பழுப்பு நிறம், ஓரத்தில் கிழிசல். "தாத்தா, லாபம்!" என்கிறான் லக்கி, கீழே நின்றுகொண்டு, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறான். பிரகாஷ் இறங்கிக்கொண்டே, "ரெண்டு!" என்கிறான். சுனிதா பொத்தின வாயாலேயே, "மூணு." உள்ளேயிருந்து பிட்டு உற்சாகமாக, "லாபம்! லாபம்! லாபம்!" என்று சீட்டைத் தட்டுகிறான். சாந்தினி தங்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிட்டு உடனே உட்கார்ந்துவிட்டான். நான் மூன்று கொட்டைகளையும் வாயைத் திறக்காமல் இடது பையில் போட்டுக்கொண்டேன். வலதில் எட்டு.

அவள் இந்த வண்டியில் முதலில் ஏறின நாளில் அழவில்லை. மற்ற பிள்ளைகள் அழுவார்கள். இவள் தம்பியின் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் இருக்கிற ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்த்தாள், விலைக்கு வாங்கப் போகிறவள் மாதிரி. முதல் மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் நான் எண்ணும்போது அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். நான் திரும்பினால் நிறுத்திக்கொள்வாள். எனக்கு அந்த வித்தை தெரியும், அதனால் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் ஐந்தாவது கொட்டையோடு நான் தும்மினேன். தும்மி முடித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் பின்னாலிருந்து, "ஆறு" என்று ஒரு குரல். அதுதான் அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாய்க்கால் என்றால் என்ன, மயில் எப்படிக் கத்தும், ஏனுங்க என்று எதற்குச் சொல்கிறீர்கள். கந்தவேலு ஒரு நாள் அவளைப் பார்த்து, "அம்மணி, கதவச் சாத்து" என்றான். மறுநாளே அவள் சரஸ்வதியைப் பார்த்து, "அம்மணி, தள்ளி உக்காருங்க" என்றாள். நார் ஆலைப் பிள்ளைகள் பேசுவது ஒரிய பாஷை, இவளுக்கு அது தெரியாது, அவர்களுக்கு இவள் பாஷை தெரியாது. இந்த வண்டிக்குள் அவர்கள் சண்டை போடுவதும் ராசியாவதும் தமிழில்தான். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை இங்கே பஞ்சாயத்து பண்ணும். இதை நான் டீச்சரிடம் எப்போதாவது சொல்லியிருக்கலாம். டீச்சர், அது வண்டியில் பேசுகிறது என்று. டீச்சருக்குத் தெரிந்திருந்தால் வகுப்பை விட்டு வெளியே, மரத்தடியில், வேறு பிள்ளைகள் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்கச் சொல்லியிருப்பார். சொல்லத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா. தென்னை நார் ஆலை. காற்றில் நார்த்தூள், கண்ணில் உறுத்துகிறது. ஜகபந்து, மினதி, தபன், சரஸ்வதி. சரஸ்வதி இறங்கும்போது திரும்பி, "டாட்டா அம்மணி" என்று சாந்தினியைப் பார்த்துக் கையாட்டினாள். சாந்தினி ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. சரஸ்வதி கையை ஆட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். இடதில் ஏழு, வலதில் நான்கு. இப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை.

இன்னும் நான்கு கிலோமீட்டர். போய்ப் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்காரலாம். உட்கார்ந்து, கண்ணு, அவரு உன்னக் கேலி பண்ணலே, அவங்க ஐயனும் அப்படித்தான் எண்ணுவாராம், அந்தச் சந்தோசத்துல சிரிச்சாரு, நீ சொன்னது தப்பில்ல. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். சரியாக இருக்கிறது. இன்னொரு முறை. அவங்க ஐயன் என்றால் புரியுமா, அவங்க அப்பா என்று சொல்ல வேண்டும். சந்தோசத்துல சிரிச்சாரு, அப்படியானால் பிள்ளைகள்? பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டால்? பிட்டு எதற்குச் சிரித்தான்? எனக்குச் சங்கட்டி நாளில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாத்தியார் கேலி பண்ணவில்லை என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா. கேட்டிருக்க மாட்டேன். ஆனால் யாரோ வந்து உட்கார்ந்தார்கள் என்பது இருந்திருக்கும். அதுவாவது இருந்திருக்கும். எழுந்திருக்கிறேன். "குழி வருதுங்க ஐயா, உக்காருங்க, விழுந்து கிழுந்து வெச்சா உங்க பையன் என்னத்தான் புடிப்பான்" என்கிறான் கந்தவேலு. உட்கார்ந்துவிடுகிறேன். குழி வருகிறது, போகிறது. மறுபடி எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் மில்லின் நீளச் சுவர் தொடங்கிவிட்டது. பொங்கல் கழிந்த வாரம் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுதான் உபேந்தர் சொன்னான்: "தாத்தா, தம்பி கூட ஒரே பெஞ்ச். பத்து வயசு. எல்லாரும் சிரிக்குது. இந்த தடவை நாலு இல்லே, ஸ்கூல் இல்லே. வீட்ல சின்ன பாப்பா இருக்கு, அதோட அம்மா ஷிப்ட் போவுது." கோபமாகச் சொல்லவில்லை. நான்கு விரலைக் காட்டினான், பிறகு அந்த நான்கையும் மடக்கினான். அன்றைக்கும் சாந்தினிதான் நடுவில் நின்று, அவனுக்கு வராத இரண்டு மூன்று சொற்களை எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். தன்னை நிறுத்தப் போகிற பேச்சை, எந்தச் சொல்லையும் விடாமல், சுத்தமாக.

உபேந்தர் மில் கேட்டருகே நிற்கிறான், தலையிலும் புருவத்திலும் பஞ்சு. இடுப்பில் கைக்குழந்தை. ஆர்த்தி இறங்கினாள், கோலு இறங்கினான், பிட்டு குதித்து அப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். மூன்று கொட்டைகளை மாற்றிவிட்டேன், இடதில் பத்து. உபேந்தர் என்னைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினான், பிறகு ஒரு விரலை, பிறகு புருவத்தை உயர்த்தினான். நாலா, ஒண்ணா. அந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும், கதை முடிந்துவிடும். ஆட்டக் கூடாது என்று இருந்தது. திரும்பி வண்டிக்குள் பார்த்தேன், எப்போதும் எடுத்துச் சொல்கிறவள் சீட்டை விட்டு எழவில்லை. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, இடது பையில் இருந்த பத்துக் கொட்டைகளையும் அள்ளி வண்டிப் படியில் கொட்டினேன். ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்து, அவன் முகத்தைப் பார்த்து, "லாபம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ரெண்டு. மூணு. நாலு." பிறகு வண்டிக்குள் கையைக் காட்டி, "சாந்தினி இப்படி எண்ணுச்சு. அதிகாரி சிரிச்சாரு. அது தப்பில்ல. எங்க ஊரு வழக்கம். தப்பில்ல." கந்தவேலு இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், நான் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. உபேந்தர் கொட்டைகளையே பார்த்தான். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, தானும் ஒரு கொட்டையை எடுத்துத் தள்ளினான். "ராமே ராம்" என்றான். அடுத்ததைத் தள்ளி, "ராமே தோ." அடுத்ததற்கு, "ராமே தீன்." நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "கேஹூன். கோதுமை, கோதுமை. எங்க ஊர்ல, அப்பா இப்டி. ஏக் சொல்லாது. ராம்." எனக்குக் கண்ணில் நார்த்தூள் இன்னும் இருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு களத்தில் ஒருவன் ஒன்று என்று சொல்லப் பயந்து ராமன் பெயரைச் சொல்லி அளந்திருக்கிறான். அவன் பேத்தி இந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம், பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்டவர்கள் மாதிரி. பிறகு அவன் கேட்டான், "அப்ப, ஆபீசர் பாஸ்?"

இல்லை என்றேன். சிரிப்பு அவன் முகத்தில் உடனே போய்விடவில்லை, வைத்த இடத்தை மறந்த பொருள் போலக் கொஞ்ச நேரம் இருந்தது. "டீச்சர்கிட்ட நான் சொல்றேன்" என்றேன். "நாளைக்குச் சொல்றேன். நான்தான்னு சொல்றேன்." அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் அதை நம்பத் தைரியம் இருந்ததா என்று தெரியவில்லை. அவன் "டீக் ஹை தாத்தா" என்றான், சரி என்று அர்த்தம். வண்டிக்குள் பார்த்து மகளைக் கூப்பிட்டான். அதட்டவில்லை. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள், படியில் கிடந்த கொட்டைகளை மிதிக்காமல், இடைவெளி பார்த்துக் காலை வைத்து இறங்கினாள். உபேந்தர் அவள் கையிலிருந்து பையை வாங்கிப் பிட்டுவின் இன்னொரு தோளில் மாட்டினான். குழந்தையை அவள் இடுப்பில் வைத்தான். அந்த இடுப்பு அதற்குப் பழகியிருந்தது. குழந்தை போன உடனே அவள் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டது. மில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்தவர்கள் கேட்டிலிருந்து வரத் தொடங்கினார்கள், தலையெல்லாம் வெள்ளை. நான் குனிந்து கொட்டைகளைப் பொறுக்கினேன். ஒன்று சக்கரத்துக்கு அடியில் உருண்டிருந்தது. அதை எட்டி எடுக்கும்போது அவள் செருப்பு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "தாத்தா" என்றாள். நிமிர்ந்தேன். "நாளைக்கு நான் வர மாட்டேனுங்க. பிட்டு மட்டும்தான் வருவான். மொத்தம் பத்துப் பேரு, மறந்து போயி எனக்காக நிக்காதீங்க." ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு எழுத்து குறையவில்லை. மேசைக்கு எதிரில் காலையிலிருந்து அந்த அதிகாரி காத்துக்கிடந்த பேச்சு முழுவதும் இதில் இருந்தது, கழித்தல் கணக்குகூட இருந்தது. கேட்டவன் நான். நான் என்ன சொல்ல வேண்டுமோ அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியா என்று இன்னொரு முறை பார்ப்பதற்குள் அவள் குழந்தையோடு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டாள். பிட்டு இரண்டு பையோடு பின்னால் ஓடினான்.

"எல்லாம் எறங்கியாச்சுங்களா ஐயா?" என்றான் கந்தவேலு. ஆச்சு என்றேன். கதவைச் சாத்தினேன். வண்டி திரும்புகிறது. நாளைக் காலையில் டீச்சர் வாசலில் நிற்பார், எப்போதும் நிற்பார், கையில் சாவிக்கொத்து இருக்கும். டீச்சர், ஒரு சமாச்சாரம். இல்லை, அப்படித் தொடங்கினால் பயந்துவிடுவார். டீச்சர், நேத்து நீங்க கேட்டீங்களே. டீச்சர், அந்த லாபம். டீச்சர், நான்தான். நான்தான் என்பதை முதலில் வைத்துவிட வேண்டும், அதைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். வராவிட்டாலும் அவர் கேட்பார். கேட்டால் சொல்லலாம். அது வண்டியில் பேசுகிறது டீச்சர், நல்லாப் பேசுகிறது, வந்து கேளுங்கள் என்று சொல்லலாம். வந்து கேட்க அது வண்டியில் இருக்க வேண்டும். நார் ஆலை தாண்டுகிறது. சுவரோரம் சரஸ்வதி சைக்கிள் டயர் ஓட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கள் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், பிறகு காலி என்று பார்த்துக் கையை இறக்கினாள். கோழிப்பண்ணை நாற்றம் வந்து போகிறது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் பையைச் சரிபார்ப்பேன். இடது பையில் கையை விட்டு எண்ணினேன், வாய்விட்டு எண்ணவில்லை. பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. சக்கரத்தடியில் ஒன்றை விட்டுவிட்டேனோ என்று பயம் வந்தது, இந்த வண்டியில் ஒரு நாளும் எனக்குக் கணக்குத் தப்பினதில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, அவள் இறங்கினபோது நான் கொட்டையை மாற்றவே இல்லை. வலது பையில் கையை விட்டேன். துணி மடிப்பில், மூலையில், ஒரு பக்கம் வழவழப்பாக ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. இடது பைக்கு மாற்றவும் இல்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கந்தவேலுவுக்குக் கேட்காமல், இத்தனை நாள் முதல் கொட்டைக்குச் சொல்லாத பெயரைச் சொன்னேன்.

ஒன்று.